102 பேர், ஒரே நாற்காலி: கட்சி இல்லாத மேயர் தேர்தல் எப்படி நடக்கிறது?

2023 ஜூன் 26 அன்று டொராண்டோ வாக்குச்சாவடிகளில் கொடுக்கப்பட்ட வாக்குச்சீட்டில் 102 பெயர்கள் இருந்தன. அத்தனை பேரும் போட்டியிட்டது மேயர் என்ற ஒரே பதவிக்கு. எந்தப் பெயருக்குப் பக்கத்திலும் கட்சி கிடையாது, சின்னம் கிடையாது. குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசையில் பெயர்கள், எதிரே குறியிட ஓர் இடம், அவ்வளவுதான்.

உதயசூரியன், இரட்டை இலை, வீடு, யானை என்று சின்னத்தைப் பார்த்தே வாக்களித்துப் பழகியவர்களுக்கு இந்தச் சீட்டு திகைப்பைத் தரும். யார் எந்தப் பக்கம் என்று சீட்டே சொல்லிவிடும் ஊரிலிருந்து வந்தவர், இங்கே எல்லாவற்றையும் தானே தேடித் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஸ்கார்பரோவிலும் அதைச் சுற்றியும் இவ்வளவு தமிழர்கள் வாழும் நகரம் இது. ஆகவே இந்தத் தேர்தல் முறையைப் புரிந்துகொள்வது நமக்குப் பொது அறிவு மட்டுமல்ல, நேரடியான தேவையும்கூட.

முதலில் அந்தத் தேர்தல் ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஜான் டோரி 2022 அக்டோபரில் மூன்றாவது முறையாக மேயரானார். நான்கே மாதத்தில், தன் அலுவலகத்தில் முன்பு பணியாற்றிய ஒருவருடன் இருந்த உறவு நாளிதழில் வெளியானதும் பதவி விலகினார். கனடாவின் மிகப்பெரிய நகரத்தின் மேயர் நாற்காலி திடீரென்று காலியானது. பதவியில் இருப்பவர் மறுபடி நிற்கும்போது ஒதுங்கிக்கொள்கிற ஆட்கள் எல்லோரும், நாற்காலி காலி என்றதும் களத்தில் இறங்கினார்கள். 2022 தேர்தலில் நின்றவர்கள் 31 பேர். எட்டே மாதத்தில் அது 102 ஆனது.

கட்சி சாராத தேர்தல் என்றால் அரசியலே சாராத தேர்தல் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. சட்டம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் இருக்காது. வேட்பாளரின் மனதில் கட்சி இருக்கலாம், அவருடைய கடந்த காலத்தில் இருக்கலாம், அவருக்காக வீடு வீடாகப் போகிற தொண்டர்களிடம் கட்டாயம் இருக்கும்.

அந்த 2023 களத்தையே பாருங்கள். ஒலிவியா சௌ, புதிய ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், அந்தக் கட்சியின் தலைவராக இருந்து மறைந்த ஜாக் லேட்டனின் மனைவி. மிட்ஸி ஹண்டர், டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் லிபரல் ஆட்சியில் அமைச்சராக இருந்தவர். முன்னாள் காவல்துறைத் தலைவர் மார்க் சாண்டர்ஸ், அதற்கு முந்தைய ஆண்டுதான் மாகாணத் தேர்தலில் முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சி சார்பில் நின்று தோற்றவர். மாகாண முதல்வர் டக் ஃபோர்டு வெளிப்படையாகவே சாண்டர்ஸை ஆதரித்தார். சீட்டில் கட்சி இல்லையே தவிர, விவரம் தெரிந்த வாக்காளருக்கு யார் எந்த முகாம் என்பது நன்றாகவே தெரிந்திருந்தது. விவரம் தெரியாதவருக்குத்தான் சிக்கல். என் பார்வையில் இந்த முறையின் பெரிய குறையே இதுதான். சின்னம் என்பது படிக்க நேரமில்லாதவருக்கும் மொழி புரியாதவருக்கும் ஒரு தகவல். அதை எடுத்துவிட்டால், ஏற்கெனவே நிறையத் தெரிந்தவர்களுக்கே வசதி கூடுகிறது.

எல்லாக் கனடிய நகரங்களும் இப்படி இல்லை. வான்கூவரிலும் மாண்ட்ரியலிலும் நகர அளவிலேயே கட்சிகள் உண்டு. மாண்ட்ரியலின் புரோஜே மாண்ட்ரியல் கட்சி அப்படி ஒன்று. வலேரி பிளான்ட் அதன் வழியாகத்தான் மேயரானார். ஒண்டாரியோ மாகாணத்தில் அந்த வழக்கம் இல்லை.

அமெரிக்காவில் கட்சி சாராத இந்த முறை பரவியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நகராட்சி வேலை, ஒப்பந்தம், குடிநீர் இணைப்பு என்று எல்லாவற்றையும் கட்சிக்காரர் கைகாட்டினால்தான் நடக்கும் என்ற நிலை அப்போது பல பெரிய நகரங்களில் இருந்தது. அதை உடைக்க நினைத்த சீர்திருத்தக்காரர்கள், குப்பை அள்ளுவதற்கும் சாலை போடுவதற்கும் கட்சி எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எந்தத் தெருவின் குப்பையை முதலில் அள்ளுவது, யாருடைய வரிப்பணத்தில் அள்ளுவது என்று வரும்போது அங்கே அரசியல் வந்துவிடுகிறது.

ஏன் இத்தனை பேர் நிற்கிறார்கள்?

கட்சி என்ற அமைப்பு செய்கிற ஒரு முக்கியமான வேலை வெளியே தெரியாது: அது வடிகட்டுகிறது. ஒரே கொள்கையுள்ள ஐந்து பேர் மேயராக ஆசைப்பட்டால், கட்சி நால்வரை உட்கார வைத்துவிட்டு ஒருவருக்கு வாய்ப்புக் கொடுக்கும். கட்சி இல்லாத இடத்தில் ஐந்து பேரும் நிற்பார்கள். "நீங்கள் விலகுங்கள்" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கும் கிடையாது.

அடுத்து, மனு தாக்கல் எவ்வளவு சுலபம் என்பது. டொராண்டோவில் 25 பேரின் கையொப்பமும் 300 டாலருக்கும் குறைவான கட்டணமும் இருந்தால் மேயர் வேட்பாளராகிவிடலாம். இன்னொரு காரணமும் உண்டு. 2023இல் நடந்தது இடைத்தேர்தல் என்பதால், நகர மன்ற உறுப்பினராக இருந்த ஜோஷ் மாட்லோ, பிராட் பிராட்ஃபோர்டு போன்றவர்கள் தோற்ற பிறகும் தங்கள் பழைய பதவியிலேயே தொடர முடிந்தது. முயன்று பார்ப்பதில் அவர்களுக்கு இழப்பு இல்லை. டோபி ஹீப்ஸ் என்ற வேட்பாளர், குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு நாய்களின் பாதத்தைப் புண்ணாக்குகிறது என்பதை முன்வைத்து, மோலி என்ற தன் நாயோடு சேர்ந்து பிரசாரம் செய்தார். உலகச் செய்திகளில் டொராண்டோ தேர்தல் இடம்பிடித்ததற்கு அந்த நாயும் ஒரு காரணம்.

சிகாகோ இதற்கு நேர் எதிர். அங்கே மேயர் வேட்பாளராக 12,500 வாக்காளர்களின் கையொப்பம் வேண்டும். அதோடு முடியாது, எதிராளியின் வழக்கறிஞர்கள் அந்தக் கையொப்பங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இவர் இந்த முகவரியில் இல்லை, இந்த எழுத்து பொருந்தவில்லை என்று ஆட்சேபிப்பார்கள். 2019இல் 20க்கும் மேற்பட்டோர் மனுக் கொடுத்து, கடைசியில் சீட்டில் மிஞ்சியவர்கள் 14 பேர். அந்த 14கூட அந்த நகரத்துக்குப் பெரிய கூட்டம்தான்.

எது சரி? தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். விவசாயிகள் தங்கள் கோரிக்கைகளைக் கவனிக்க வைப்பதற்காகவே கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட வேண்டியிருந்தது. அதே ஆண்டில் சட்டமன்றத் தேர்தலுக்கான வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. கதவை அகலத் திறந்தால் கூட்டம் வருகிறது. இறுக்கினால் பணமும் வழக்கறிஞரும் உள்ளவர்கள் மட்டும் உள்ளே வருகிறார்கள். என்னைக் கேட்டால் அகலமாகத் திறந்திருக்கும் கதவே மேல். நீளமான சீட்டு வாக்காளருக்குச் சிரமம்தான், ஆனால் அநியாயம் அல்ல. உண்மையான சிக்கல் சீட்டின் நீளத்தில் இல்லை. அதை எண்ணுகிற விதத்தில் இருக்கிறது.

எப்படி எண்ணுகிறோம் என்பதில்தான் எல்லாம்

ஒரு சின்னக் கணக்கு. ஒரு நகரத்தில் 100 வாக்காளர்கள். பேருந்துகளுக்குத் தனிப்பாதை வேண்டும் என்பவர்கள் 60 பேர், வேண்டாம் என்பவர்கள் 40 பேர். தனிப்பாதையை ஆதரித்து மூன்று வேட்பாளர்கள் நிற்கிறார்கள். அந்த 60 வாக்குகளும் 25, 20, 15 என்று பிரிகின்றன. எதிர்ப்பவர் ஒரே ஒருவர், 40 வாக்கும் அவருக்கே. அதிக வாக்கு பெற்றவர் வெற்றி என்று வைத்தால், 60 பேர் விரும்பாத ஒருவர் மேயராகிறார். யாரும் கள்ள ஓட்டுப் போடவில்லை, யாரும் தவறாக எண்ணவில்லை. எண்ணும் விதி மட்டுமே இந்த முடிவைத் தந்தது. இதைத்தான் வாக்குப் பிரிவது என்கிறோம். வேட்பாளர்கள் கூடக்கூட இது நடக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

டொராண்டோவில் இருப்பது இந்த விதிதான். ஒரே சுற்று; யார் முன்னால் இருக்கிறாரோ அவர் மேயர். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. 2023இல் ஒலிவியா சௌ பெற்றது சுமார் 2 லட்சத்து 69 ஆயிரம் வாக்குகள், 37 சதவீதம். இரண்டாவதாக வந்த முன்னாள் துணை மேயர் அனா பைலாவுக்கு 32 சதவீதம். அதற்குப் பிறகு ஒரேயடியாகச் சரிவு: சாண்டர்ஸுக்கு 9 சதவீதம்கூட வரவில்லை, பத்திரிகையாளர் ஆந்தனி ஃப்யூரியும் மாட்லோவும் 5 சதவீதத்தை ஒட்டி, ஹண்டர் 3 சதவீதம் அளவில். வாக்களிக்க வந்தவர்களே தகுதியுள்ளோரில் 40 சதவீதத்துக்கும் குறைவு. ஆக, தகுதியுள்ள வாக்காளர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவர் ஆதரித்து நகரத்தின் மேயர் தேர்வானார்.

சௌவின் வெற்றியைக் குறைத்துச் சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. ஹாங்காங்கில் பிறந்து, சிறுவயதில் குடியேறி வந்த ஒருவர் இந்த நகரத்தின் மேயரானது பெரிய விஷயம். 2014இல் இதே பதவிக்கு நின்று மூன்றாவதாக வந்தவர் அவர். விதி எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது. அவர் அந்த விதிப்படி நேர்மையாக வென்றார். ஆனால் மீதி 63 சதவீதம் பேர், சௌவா பைலாவா என்று மட்டும் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? யாருக்கும் தெரியாது. வாக்குச்சீட்டு அதைக் கேட்கவே இல்லை.

அந்த இரண்டாம் இடத்தையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பைலாவ் பிரசாரத்தின் பெரும்பகுதியில் சௌவுக்கு வெகு பின்னால்தான் இருந்தார். கடைசி வாரத்தில் முன்னாள் மேயர் டோரி அவரை ஆதரித்தார். டொராண்டோ ஸ்டார் நாளிதழும் ஆதரித்தது. சௌ வரக்கூடாது என்று நினைத்தவர்கள், சாண்டர்ஸ், ஃப்யூரி, பிராட்ஃபோர்டு என்று சிதறிக் கிடந்தவர்கள், கடைசி நாட்களில் பைலாவை நோக்கிக் குவிந்தார்கள். முக்கிய வேட்பாளர்களில் ஒருவராகக் கருதப்பட்ட பிராட்ஃபோர்டுக்குக் கடைசியில் கிடைத்தது ஏறத்தாழ 1 சதவீதம்.

அதாவது, கட்சி செய்யவேண்டிய வடிகட்டலைக் கருத்துக்கணிப்பும் பிரபலங்களின் ஆதரவும் செய்து முடித்தன. "எனக்குப் பிடித்தவருக்குப் போட்டால் வாக்கு வீணாகிவிடுமே" என்று ஒவ்வொரு வாக்காளரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். மனதுக்குப் பிடித்தவரை விட்டு, ஜெயிக்கக்கூடியவர்களில் யார் பரவாயில்லை என்று யோசித்து வாக்களிக்க வைப்பது இந்த எண்ணும் விதி. 102 பெயர் கொண்ட சீட்டு, கடைசியில் இரண்டு பெயர் கொண்ட சீட்டாகச் சுருங்கிவிட்டது.

சிகாகோவின் இரண்டாம் சுற்று

சிகாகோ வேறு வழியில் போனது. அந்த வழிக்கு ஒரு வரலாறு உண்டு, அதையும் சொல்ல வேண்டும்.

1983இல் அங்கே கட்சி முறைதான். ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்திய முதற்கட்டத் தேர்தலில் மூவர் மோதினார்கள்: பதவியிலிருந்த மேயர் ஜேன் பைர்ன், முன்னாள் மேயரின் மகன் ரிச்சர்ட் எம். டேலி, கறுப்பினத் தலைவர் ஹெரால்டு வாஷிங்டன். வெள்ளையர் வாக்குகளைப் பைர்னும் டேலியும் பங்குபோட்டுக்கொள்ள, சுமார் 36 சதவீதத்தோடு வாஷிங்டன் முந்தினார். பிறகு பொதுத் தேர்தலிலும் நூலிழையில் வென்று, சிகாகோவின் முதல் கறுப்பின மேயரானார்.

1995இல் இலினாய் மாநிலச் சட்டமன்றம் விதியை மாற்றியது. இனி கட்சி முதற்கட்டத் தேர்தல் கிடையாது. எல்லோரும் ஒரே களத்தில் நிற்பார்கள். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவருக்கு மட்டும் இரண்டாம் சுற்று. இன்னொரு வாஷிங்டன் வராமல் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று அப்போதே விமர்சித்தார்கள். தேர்தல் விதி என்பது வெறும் கணக்கு அல்ல, அதை எழுதுபவர்களுக்கும் விருப்பு வெறுப்பு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் விதிகள் எழுதியவர்கள் நினைத்தபடியே நடப்பதில்லை. 2019 பிப்ரவரியில் 14 பேர் நின்றார்கள். பதவியிலிருந்த ராம் இமானுவேல் மறுபடி நிற்கப்போவதில்லை என்று அறிவித்திருந்தார், நாற்காலி காலி. நகர மன்றத்தில் அரை நூற்றாண்டாகக் கோலோச்சிய எட் பர்க் மீது அந்த ஜனவரியில் மத்திய அரசு ஊழல் வழக்குத் தொடுத்தது. முன்னணி வேட்பாளர்கள் பலருக்கு அவரோடு ஏதோ ஒரு தொடர்பு இருந்தது. எந்தத் தேர்தலிலும் நின்றிராத, காவல்துறைக் கண்காணிப்பு வாரியத்தின் தலைவராக இருந்த லோரி லைட்ஃபுட், "நான் அந்தக் கூட்டத்தில் இல்லாதவள்" என்ற நிலையில் மேலே வந்தார். முதல் சுற்றில் அவர் முதலிடம் பிடித்தது எவ்வளவு வாக்கில் தெரியுமா? 17.5 சதவீதம். இரண்டாவதாக டோனி பிரெக்விங்கிள், 16 சதவீதம். முன்னாள் மேயரின் மகனும் இன்னொரு முன்னாள் மேயரின் தம்பியுமான பில் டேலி, 15 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகப் பெற்று வெளியேறினார்.

டொராண்டோ விதியாக இருந்தால் 17.5 சதவீதத்தோடு லைட்ஃபுட் அன்றிரவே மேயர். சிகாகோ விதிப்படி ஏப்ரல் 2 அன்று இரண்டாம் சுற்று. இருவருமே கறுப்பினப் பெண்கள்! கறுப்பினத் தலைவர்களைத் தடுக்கும் என்று அஞ்சப்பட்ட அதே விதியின் கீழ் இது நடந்தது. லைட்ஃபுட் 73 சதவீதத்துக்கு மேல் பெற்று, நகரத்தின் 50 வார்டுகளிலும் முன்னிலை பெற்றார். இரண்டாம் சுற்று இல்லையென்றால், அவ்வளவு பேர் அவரை ஏற்றுக்கொள்வார்கள் என்பது வெளியே தெரிந்திருக்காது.

2023இல் இன்னும் சுவாரசியம். அந்த லைட்ஃபுட்டே முதல் சுற்றில் மூன்றாவதாக வந்து பதவி இழந்தார். முதலிடம் பால் வாலஸ், 33 சதவீதம். இரண்டாவது பிராண்டன் ஜான்சன், 22 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஏப்ரலில் நடந்த இரண்டாம் சுற்றில் ஜான்சன் 52 சதவீதம் பெற்று வென்றார். முதல் சுற்றில் 11 சதவீதம் பின்தங்கியவர் மேயரானார். இது அநியாயம் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மற்றவர்களுக்கு வாக்களித்திருந்த 45 சதவீதம் பேரிடம், "உங்கள் ஆள் இல்லை, இந்த இருவரில் யார்?" என்று திரும்பக் கேட்டார்கள், அவர்கள் பதில் சொன்னார்கள்.

குறையும் உண்டு. மறுபடி பிரசாரம், மறுபடி செலவு, மறுபடி வாக்காளரை வீட்டிலிருந்து கிளப்ப வேண்டும். 2019இல் இரண்டு சுற்றுகளிலுமே பதிவு செய்த வாக்காளரில் மூன்றில் ஒருவர் அளவுக்குத்தான் வந்தார்கள்.

ஒரே நாளில் இரண்டு கேள்வியும்

இரண்டு முறை கூப்பிடாமல் ஒரே நாளில் முடிக்க ஒரு வழி இருக்கிறது. இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலில் வாக்களித்தவர்களுக்கு விருப்பு வாக்கு தெரிந்திருக்கும்: 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவர் மட்டும் மிஞ்ச, மற்றவர்களின் சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பம் எண்ணப்படும். பல ஆண்டுகளாகச் சட்டத்தில் மட்டும் இருந்த அந்த இரண்டாம் எண்ணிக்கை, 2024இல் அனுர குமார திசாநாயக்க 42 சதவீதத்தில் நின்றபோதுதான் முதல்முறையாக நடந்தது.

நகரத் தேர்தல்களிலும் இதன் வேறொரு வடிவம் உண்டு. அதில் கடைசியில் இருப்பவரை ஒவ்வொருவராக நீக்கி, அவருடைய சீட்டுகளில் அடுத்த விருப்பமாக இருப்பவருக்கு அந்த வாக்குகளை மாற்றிக்கொண்டே போவார்கள். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்தில் 2010இல் 10 பேர் போட்டியிட்டார்கள். முதல் விருப்பத்தில் டான் பெராட்டா சுமார் 34 சதவீதம், ஜீன் குவான் சுமார் 24 சதவீதம், ரெபெக்கா கப்லான் சுமார் 22 சதவீதம். பெராட்டாவைத் தவிர்க்க நினைத்த வாக்காளர்கள் குவானையும் கப்லானையும் அடுத்தடுத்த விருப்பமாகக் குறித்திருந்தார்கள். கப்லான் நீக்கப்பட்டதும் அவருடைய வாக்குகளில் பெரும்பகுதி குவானுக்குப் போய், அவர் மயிரிழையில் வென்றார். மேலே நான் சொன்ன பேருந்துப் பாதைக் கணக்கை நினைத்துப் பாருங்கள். இந்த முறையில் அந்த 60 பேர் பிரிந்து நின்றாலும் தோற்கமாட்டார்கள்.

ஒண்டாரியோவிலும் இது வந்தது. மாகாணச் சட்டம் 2016இல் அனுமதி கொடுத்தது. லண்டன் என்ற ஒண்டாரியோ நகரம் 2018இல் இதைப் பயன்படுத்தியது. 14 பேர் நின்ற மேயர் போட்டியில் எட் ஹோல்டர் வென்றார். பெரிய குழப்பம் எதுவும் நடக்கவில்லை. எண்ணி முடிக்க மறுநாள் ஆனது, அவ்வளவுதான். ஆனால் 2020இல், கொரோனாக் காலத்துச் சட்டம் ஒன்றோடு சேர்த்து, மாகாண அரசு இந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. டொராண்டோ நகர மன்றமும் முன்பு இதைக் கேட்டுவிட்டு, 2015இல் தானே பின்வாங்கியிருந்தது. 102 பேர் நின்ற தேர்தலுக்கு மிகவும் பொருத்தமான முறை அது நடப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம்.

வருத்தத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022இல் மாகாண அரசு டொராண்டோ மேயருக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்தது. வரவு செலவுத் திட்டத்தை முன்வைப்பது மேயர். மாகாணத்தின் முன்னுரிமைகளுக்கு முரணான தீர்மானங்களை ரத்து செய்யலாம். மன்றத்தின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆதரவு இருந்தாலே சில துணைவிதிகளை நிறைவேற்றலாம். மேயரைத் தவிர 25 பேர் உள்ள மன்றத்தில், மேயரோடு 8 பேர் சேர்ந்தால் போதும்! அந்தச் சிறுபான்மை ஆட்சி அதிகாரத்தைப் பயன்படுத்தமாட்டேன் என்று சௌ தேர்தலிலேயே சொன்னார். ஆனால் அடுத்து வருபவரும் அப்படிச் சொல்வார் என்று என்ன உறுதி? இவ்வளவு அதிகாரமுள்ள பதவிக்குப் பாதி வாக்கு வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான ஆசை இல்லை.

சரி, இப்போதைக்கு இருக்கும் விதிக்குள் ஒரு வாக்காளர் என்ன செய்யலாம்?

102 பேரையும் ஆராய யாராலும் முடியாது, முடியவும் வேண்டாம். தொலைக்காட்சி விவாத மேடைகளில் பெரும்பாலும் சுமார் 6 பேருக்குத்தான் இடம் கிடைத்தது. அந்த 6 பேரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வி நியாயமானதே. 2022இல் மூன்றாவதாக வந்திருந்த குளோயி பிரவுன் போன்றவர்களின் பெயர் அதனால்தான் பலருக்குப் போய்ச் சேரவே இல்லை. அதனால் மேடையில் உள்ளவர்களோடு நிறுத்தாமல், உங்கள் கவலை எதுவோ, வாடகையோ பேருந்தோ, அதைப் பற்றி விரிவாகப் பேசுகிற ஒன்றிரண்டு பேரையாவது பட்டியலின் மற்ற பகுதியில் தேடிப் பாருங்கள்.

அப்புறம், வாக்குறுதி நகர மன்றத்தின் அதிகாரத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். மருத்துவமனை மாகாணத்தினுடையது, பள்ளிகளுக்குத் தனி வாரியம் இருக்கிறது. சொத்து வரி, பேருந்தும் சுரங்க ரயிலும், நூலகம், பூங்கா, காவல்துறையின் நிதி, எந்த இடத்தில் எவ்வளவு உயரத்துக்குக் கட்டலாம் என்பதெல்லாம் நகரத்தின் கையில். ஏற்கெனவே மன்ற உறுப்பினராக இருந்தவர் என்றால், அவர் எந்தத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களித்தார் என்பது நகராட்சியின் இணையதளத்தில் பொதுப் பதிவாக இருக்கிறது. கட்சிச் சின்னம் இல்லாத ஊரில் அந்தப் பதிவேடுதான் நம்பகமான அடையாளம்.

கட்டாயம் எண்ணைக் கேளுங்கள். 2023 பிரசாரத்தில் சொத்து வரியை எவ்வளவு உயர்த்துவீர்கள் என்று சௌவிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. மிதமாக என்றாரே தவிர, சதவீதத்தைச் சொல்லவில்லை. 2024இல் அவருடைய முதல் வரவு செலவுத் திட்டத்தில் உயர்வு 9.5 சதவீதம். நகரத்தின் கஜானா இருந்த நிலையில் அந்த உயர்வு தேவைப்பட்டது என்று வாதிட இடம் இருக்கிறது. ஆனால் வாக்களிக்கும் முன்பே அந்த எண் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். ஒண்டாரியோ நகரத் தேர்தல்களில் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் நன்கொடை கொடுக்க முடியாது; தனிநபர்கள் மட்டும்தான். டொராண்டோ மேயர் வேட்பாளர் ஒருவருக்கு ஒரு நபர் 2,500 டாலர் வரைதான் கொடுக்கலாம், கணக்கும் பிறகு வெளியிடப்படும்.

மேயர் தேர்தலோடு மட்டும் இது நிற்பதில்லை. 2023இல் நடந்த ஒரு சங்கிலியைப் பாருங்கள். மிட்ஸி ஹண்டர் மேயர் போட்டிக்காகத் தன் மாகாணச் சட்டமன்றப் பதவியை விட்டார். அதனால் ஸ்கார்பரோ கில்ட்வுட் தொகுதியில் இடைத்தேர்தல். அதில் நிற்பதற்காகக் கேரி க்ராஃபோர்டு தன் நகர மன்றப் பதவியை விட்டார், அங்கே தோற்றும் போனார். அவர் விட்ட ஸ்கார்பரோ தென்மேற்கு வார்டுக்கு நவம்பரில் இன்னோர் இடைத்தேர்தல். அங்கும் 20க்கும் மேற்பட்டோர், அங்கும் கட்சி கிடையாது, அங்கும் முதலில் வந்தவரே வெற்றி. வென்றவர் பார்த்தி கந்தவேள், நம்மவர், அதற்கு முன் பள்ளி வாரிய உறுப்பினராக இருந்தவர். வார்டு அளவில் வாக்குகள் இன்னும் சின்னச் சின்னதாகச் சிதறும். அங்கே ஒரு தெருவில் உள்ளவர்கள் சேர்ந்து போய் வாக்களித்தாலே அதற்கு எடை உண்டு.

வாக்களிக்கக் கனடியக் குடியுரிமை வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும். நிரந்தர வதிவுரிமை மட்டும் உள்ளவர்களுக்கு இப்போதைய சட்டத்தில் வாக்கு இல்லை. வேறு ஊரில் குடியிருந்தாலும் டொராண்டோவில் சொந்த இடமோ வாடகை இடமோ வைத்திருப்பவர்கள், அவர்களின் கணவன் அல்லது மனைவி ஆகியோருக்கும் இங்கே வாக்கு உண்டு. நம்மில் பலருக்கு இது தெரியாது. வாக்காளர் பட்டியலில் பெயர் விட்டுப்போயிருந்தாலும் திரும்பி வந்துவிட வேண்டாம். பெயரும் டொராண்டோ முகவரியும் உள்ள அடையாள ஆவணத்தைக் காட்டினால், அன்றைக்கே வாக்குச்சாவடியில் சேர்த்துக்கொள்வார்கள்.